ஒரு பட்டைப் பேப்பர்

“ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்களாம் மேடம்.” தபால் பிரிக்கும் குமார் திங்கட்கிழமை காலை வந்து சொன்னபோது, ஸ்டெல்லாவின் மனு ஒன்று என் மேசையில் பதிலுக்குக் காத்திருந்தது.

சிதம்பரம் பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஸ்டெல்லாவை ஊரில் பலரும் அறிவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுபவர்களுக்கு அவர்தான் எழுதிக் கொடுப்பார். அவற்றுக்குப் பதில் அனுப்பும் அலுவலகத்தில் நான் இருக்கிறேன். எங்களுக்குள் நட்பு என்று சொல்ல முடியாது.

இலவச மனைப்பட்டா பெற்றவர்களின் பட்டியலை ஒருமுறை கேட்டார். சொந்த வீடு உள்ளவர்களும் அதில் நுழைந்துவிட்டதாகச் சந்தேகம். பதிவேட்டை அப்படியே நகலெடுத்து அனுப்பினேன். கைபேசி எண்ணும், கடைசிப் பத்தியான ‘குறிப்பு’ம் சேர்ந்தே போயின. மறுநாள் பட்டியலோடு வந்து தன் பெயர்மேல் விரல் வைத்தார். அவரும் பட்டா பெற்றவர். நேரே ‘கணவரால் கைவிடப்பட்டவர்’ என்று இருந்தது.

“அவுரு எங்க என்ன கைவிட்டாரு? நாந்தான் வேணாம்னு வந்துட்டேன். ஊருக்கே குடுக்குறீங்க, அதயாவது சரியா எழுதக் கூடாதா மேடம்?” சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “இத்தன வருஷமா என் நம்பரு அவுருகிட்ட இல்ல.”

பட்டியலை அவர் ஒளித்து வைத்திருக்கலாம்; அப்படிச் செய்யவில்லை. கைபேசி எண்மீதும் குறிப்பின்மீதும் வெள்ளைக் காகிதப் பட்டையை வைத்து நகலெடுத்து, கடை வாசலில் தொங்கவிட்டார். பெயரும் ஊரும் மனை எண்ணும் மட்டும் தெரிந்தன. அதைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தகுதியில்லாதவர்களின் பட்டாக்கள் ரத்தாயின.

அந்தத் தவறுக்குப் பிறகு நான் பயந்துபோயிருந்தேன். வீடு ஒதுக்கீட்டில் விடுபட்டுப்போன பிச்சாவரம் பக்கத்துப் பெண் ஒருவர், வீடு யார் யாருக்குப் போனது என்று கேட்டபோது, தனிநபர் தகவல் என்று ஒரே வரியில் மறுத்தேன். கடலூரில் நடந்த மேல்முறையீட்டு விசாரணைக்கு அவரோடு ஸ்டெல்லாவும் வந்தார்.

“அன்னிக்கி எல்லாத்தையும் தொறந்துட்டீங்க, இன்னிக்கி எல்லாத்தையும் மூடிட்டீங்க. ஒரு பட்டைப் பேப்பர் போதும் மேடம்” என்று பையிலிருந்து அதை எடுத்து என் கோப்பின்மேல் வைத்தார். பட்டியலைக் கொடுக்க உத்தரவானது. திரும்பும் பேருந்தில் எனக்கு இடம் பிடித்திருந்தார். “தோத்தவங்களுக்கு ஜன்னலு.”

அவருடைய கடைசி மனுவில் ஒரே கேள்விதான்: பதிவேட்டில் என் குறிப்பைத் திருத்திவிட்டீர்களா?

இறந்தவருக்கு எதற்குப் பதில் என்றார் குமார். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, ‘தனித்து வாழ்ந்தவர்’ என்று திருத்தி, நகலை அவர் தங்கைக்கு அனுப்பினேன். இதையெல்லாம் எழுதலாமா என்று அந்தத் தங்கையிடமே கேட்டேன். “எழுதுங்க. சரியா எழுதுங்க, அவ்ளோதான்” என்றார்.

அந்தப் பட்டை என் இழுப்பறையில் இருக்கிறது. நகலெடுக்கும்போதெல்லாம் வைத்து வைத்து ஓரம் அழுக்காகிவிட்டது. மாற்றவில்லை.