நோயாளி பேசக் கூடாது

கருவேலங்குடி அரசு மருத்துவமனையின் பிரசவ அறையில் அம்சவல்லிக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பெருக்குவது, துடைப்பது, துணி மாற்றுவது, வலியெடுத்த பெண்ணின் இடுப்பை நீவிவிடுவது எல்லாம் அவள் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் அதில் சேர்த்தியில்லை.

அதற்கு முன்னால் குடவாசல் பக்கம் நடவாட்களை நடத்திக்கொண்டிருந்தவள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நடும்போது எந்த மூலையில் நாற்று கோணினாலும், தலை நிமிராமலே, "ஏய், உன் வரிசை மாமியார் வீட்டுக்குப் போகுது பாரு" என்பாள். ஆள் கரையேறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வாய் இன்னும் வயலில்தான் இருந்தது.

இப்போது அவளுக்கு ஒரே கவலை. மகள் இசைவாணிக்கு எட்டாம் மாதம். மாப்பிள்ளை அன்பரசன் சிங்கப்பூரில். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வந்துவிடுவார், கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

"அத்தை, உங்க ஆஸ்பத்திரி எந்த லெவல்?"

"நல்ல லெவல்தாங்க மாப்பிள்ளை."

"நல்லதுன்னா? அதுக்கு சர்டிபிகேட் இருக்கா?"

அங்கேதான் இடித்தது. அதுவரை அது சுகப்பிரசவம் மட்டும் பார்க்கிற இடம். சிக்கல் என்றால் 108-இல் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த நிலைக்கு எந்நேரமும் ஆபரேஷன், ரத்த இருப்பு, சோர்ந்து பிறக்கும் குழந்தைக்குத் தனி அறை எல்லாம் வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை 'சீமாங்' என்பார்கள். கட்டடம் வந்தாயிற்று, டாக்டர்கள் வந்தாயிற்று, மெஷின்களும் வந்தாயிற்று. வெளி மாவட்டத்திலிருந்து ஒரு குழு வந்து, இழுப்பறை வரைக்கும் திறந்து பார்த்து, டாக்டரிலிருந்து துடைப்பக்காரி வரைக்கும் கேள்வி கேட்டு, மார்க் போடுவதுதான் பாக்கி.

"சர்டிபிகேட் வந்தா அங்கேயே பார்த்துக்கலாம் அத்தை. வரலைன்னா தஞ்சாவூர்ல புக் பண்ணிடறேன்."

தஞ்சாவூர் என்றாலே அம்சவல்லிக்கு ஒரு ரயில்வே கேட்தான் ஞாபகம் வரும். இருபத்தாறு வருஷத்துக்கு முன் நடவு வயலில் வலியெடுத்து, ஒரு வேனில் போட்டுக்கொண்டு அந்த வழியாகத்தான் போனார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறப்பதற்குள் இசைவாணி வந்துவிட்டாள், நீலம் பாய்ந்து, சத்தமில்லாமல். அவள் அழுகிற வரைக்கும் வேனில் யாரும் பேசவில்லை. அம்சவல்லி ஆயுசில் வாயடைத்துக் கிடந்தது அந்த ஒருமுறைதான்.

குழு வருகிற அன்றைக்கு அவள் ஐந்தரை மணிக்கே வந்து தரையைத் தேய்த்தாள். தலைமை டாக்டர் குணசேகரன் மூன்று முறை வந்து, "அம்சா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குக் குழுவோடு அதன் தலைவி டாக்டர் பிரகதீஸ்வரி வந்தார். சிரிப்புக்கு லீவு போட்டுவிட்டு வந்த மாதிரி முகம். பிரசவ அறை வாசலில் நின்றபடியே, குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் மெஷினைப் பார்த்தார். அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

"இது என்ன?"

"பொட்டுங்க மேடம். மெஷின் ரிப்பேர் ஆவாம இருக்க" என்றாள் அம்சவல்லி.

"ஆச்சா?"

"இதுவரைக்கும் இல்லீங்க."

அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். குணசேகரன் கைக்குட்டையை எடுத்தார்.

அடுத்தது ஒத்திகை. பிரசவ அறையைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்து அறையில் வைத்தார்கள். பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை, நோயாளி மயக்கம், என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்றார் பிரகதீஸ்வரி. நர்ஸ்கள் எல்லோருக்கும் வேலை இருந்ததால் நோயாளியாகப் படுக்க மிஞ்சியவள் அம்சவல்லி.

முன்னால் நின்று நடத்த வேண்டியவர் மங்களாம்பிகை சிஸ்டர். கைராசிக்காரர். ஆனால் யாராவது உற்றுப் பார்த்தால் கையெழுத்துக்கூடக் கோணிவிடும். உதவிக்கு ஆள் கூப்பிட்டார், வயிற்றைப் பிசைந்தார், ஊசி போடுவதுபோல் காட்டினார். அதுவரை சரி. ரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் காலையும் இடுப்பையும் இறுக்கிக் கட்டுகிற ஷாக் உடுப்பை எடுத்தவர், நேரே வயிற்றில் கட்டப் போனார்.

மயங்கிக் கிடந்த அம்சவல்லியின் உதடு அசைந்தது. "கணுக்கால்லேர்ந்து சிஸ்டர்... கணுக்கால்லேர்ந்து."

"நோயாளி பேசக் கூடாது" என்றார் பிரகதீஸ்வரி, தலை நிமிராமல்.

"சரிங்க மேடம்."

"பதிலும் சொல்லக் கூடாது."

"சரி..." பாதியை விழுங்கிக்கொண்டாள்.

கணுக்காலிலிருந்து இடுப்பு வரை கட்டி முடித்தார்கள். ஊசி போட்ட நேரத்தை யாரும் குறிக்கவில்லை. நோயாளி ஒரு கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள், இருமினாள். பிரகதீஸ்வரி அதையும் எழுதிக்கொண்டு, "இப்ப நாடி பிடிபடலை. அடுத்து?" என்றார்.

சிஸ்டர் ஏற்கெனவே கட்டிய பட்டையையே மறுபடி இழுத்துக் கட்டினார். அம்சவல்லியால் தாங்க முடியவில்லை. "இருக்குங்க மேடம், நல்லாப் பாருங்க" என்று கையை நீட்டிவிட்டாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குணசேகரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தஞ்சாவூர்தான், ரயில்வே கேட்தான் என்று அம்சவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போது வாசலில் 108 அலறியது. நிஜ வலி, நிஜப் பெண், தலை தெரிகிறது என்றார்கள். மங்களாம்பிகை சிஸ்டர் அப்படியே ஓடினார். அம்சவல்லி கட்டிலிலிருந்து குதித்து, இறுக்கிக் கட்டிய காலோடு, அறுத்த வயலில் மேயும் வாத்து மாதிரி ஆடி ஆடிப் பின்னால் போனாள். வார்மரைப் போட்டாள், துணியைச் சூட்டில் வைத்தாள், திரும்பினால் வாசற்படியில் பிரகதீஸ்வரி.

அம்சவல்லி இரண்டு கையையும் விரித்து மறித்தாள். "மேடம், செருப்பு."

"நான் மார்க் போட வந்த அசெஸர்மா."

"யாரா இருந்தா என்னங்க, தெருவுல நடந்த செருப்புதானே? தரையில போட்டிருக்கிற செவப்புக் கோட்டுக்கு அந்தாண்ட கழட்டிட்டு வாங்க."

குணசேகரன் உட்கார இடம் தேடினார். பிரகதீஸ்வரி ஒரு நிமிஷம் அவளையும், அவள் இடுப்புவரை இறுக்கியிருந்த உடுப்பையும் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

உள்ளே குழந்தை துவண்டு வந்தது. மங்களாம்பிகை சிஸ்டரை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. துடைத்தார், முதுகைத் தேய்த்தார், சளியை எடுத்தார். எதையும் தேடவில்லை, எதையும் மறக்கவில்லை. அம்சவல்லிக்கு எடுத்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இருந்திருந்தாலும் அவளுக்கு அப்போது வாய் வந்திருக்காது. குழந்தை வீறிட்டதும்தான் மூச்சே வந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேறிவிட்டார்கள். கீழே குறிப்புகள்: மெஷின்களில் பொட்டு வைக்கக் கூடாது. ஒத்திகையில் நோயாளியாக நடிப்பவருக்கும் பயிற்சி தேவை. அம்சவல்லி அதைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள், கடைசி வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.

மாப்பிள்ளை லீவு போட்டு வந்தார். திருச்சியில் இறங்கிக் கார் பிடித்து அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெட்டியோடு ஓடிவந்தவரைப் பிரசவ அறை வாசலில் அம்சவல்லி மறித்தாள்.

"அத்தை, இசைக்கு எப்படி இருக்கு? என்ன குழந்தை?"

"ஷூ, மாப்பிள்ளை."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா, அதை மட்டும்..."

"நல்லா இருக்காங்க. ஷூவைக் கழட்டுங்க."

அவர் ஒற்றைக் காலில் நின்று கயிற்றை இழுத்தார். பதற்றத்தில் அது முடிச்சாக விழுந்தது. அம்சவல்லி கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

"சாக்ஸுமா அத்தை?"

"அதையுந்தாங்க. உங்க பொண்ணு எங்கயும் போயிட மாட்டா."