பசை அண்ணன் ஒட்டிய தாள்கள்

எங்கள் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவருக்குப் பசை அண்ணன் என்றுதான் பெயர். அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. கிழிந்த தாளைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஒட்டிவிட்டு ஓரத்தில் பென்சிலால் தேதியும் போடுவார்.

நூலகத்துக்கு அடியில் பாறையைக் குடைந்த ஒரு சுரங்கம் உண்டு. போர்க்காலத்தில் விமானம் குண்டு போட வந்தால் சனங்கள் அதில்தான் ஒளிந்தார்களாம். போன வருஷம் நிலவியல் படித்த ஐயா ஒருவர் வந்து, பாறையில் இருந்த விரிசலுக்குக் குறுக்கே ஏழு தாள்களை அண்ணனை ஒட்டச் சொன்னார்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தினமும் பசைக்கிண்ணத்தோடு இறங்குவார்.

"சுவருக்கும் அட்டை போடப் போறீங்களா அண்ணே?" என்று நான் கேலி பண்ணுவேன்.

இந்த வருஷம் நூலகத்தில் நிலவியல் விழா வைத்தார்கள். படிக்கிற மேசைகளில் விதவிதமான கல். சுரங்கத்துக்குள் போர்க்காலக் கடிதங்களை வாசிக்க ஏற்பாடு. ஐயா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு தாள்கூட கிழியல. கிழிஞ்சாத்தான் பாறை நகருதுன்னு அர்த்தம். தைரியமா உள்ள போங்க."

முதலில் இருபது பேர் இறங்கினார்கள். அண்ணி, அதாவது அண்ணன் மனைவியும் அதில் இருந்தார். அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று.

"தங்கச்சி, கிழிஞ்சதை எல்லாம் நான் ஒட்டிட்டேனே."

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனுஷன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

"ஐயா, அந்தத் தாளெல்லாம் நான் ஒட்டினது."

"நான்தானே ஒட்டச் சொன்னேன்" என்று ஐயா சிரித்தார்.

"கிழியக் கிழிய ஒட்டினேங்கய்யா."

ஐயாவின் சிரிப்பு நின்றது. படி வாசலில் குனிந்து, "எல்லாரும் பேசாம, மெதுவா வெளிய வாங்க" என்றார். உள்ளே கடிதம் வாசித்த குரல் பாதியில் நின்றது. ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். நான் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே எண்ணினேன். பத்தொன்பதுதான். முழங்கால் வலிக்காரி அண்ணியைக் காணோம். அண்ணன் இறங்கிப் போய்க் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். சுவரிலிருந்து தொங்கிய ஒரு தாளும் அண்ணன் கையில் இருந்தது. சற்று முன் ஐயா பார்த்தபோது முழுசாக இருந்தது, இப்போது நடுவில் இரண்டாகக் கிழிந்திருந்தது.

ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதை ஐயா பிரித்துப் பிரித்துத் தேதிகளைப் பார்த்தார். முதல் இரண்டுக்கும் நடுவில் அஞ்சு மாசம். அப்புறம் ஒரு மாசம். அப்புறம் ஒரு வாரம்.

"கடைசியா எப்ப ஒட்டினீங்க?"

"இன்னைக்குக் காலையிலங்கய்யா."

ஐயா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "இந்த விரிசல் வடக்குப் பக்கமாப் போகுது. அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"எங்க ரெண்டு வீடும் அங்கதாங்கய்யா" என்றேன் நான்.