அபூ மிஜ்வல் கடையில் கீழே வைத்த காபி

இன்று சந்தித்தது அபூ மிஜ்வலை. அம்மானில் ஐந்தாவது வட்டம் என்கிற சாலைச் சந்திப்புக்குக் கீழே, தூதரகங்கள் வரிசையாக நிற்கிற இறக்கத்தில் காபிக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். ஒன்பது வருஷமாய் அந்த வழியே போய்வந்தும், நின்று பேச இன்றைக்குத்தான் வாய்த்தது. கேட்டதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அபூ மிஜ்வலுக்கு வயது ஐம்பத்தெட்டு. மாதபாவுக்குத் தெற்கே ஆடு மேய்த்த குடும்பம். பட்டாளத்தில் பதினாறு வருஷம் லாரி ஓட்டிவிட்டு, வெளியே வந்ததும் இந்தப் பெட்டிக்கடையைப் போட்டார். மற்ற கடைக்காரர்கள் மாதிரி தட்டை ஆட்டி வண்டிகளை மறிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. "வேணுங்கிறவன் நிறுத்துவான்" என்பார்.

கடையில் இரண்டு காபி உண்டு. சீனி போட்டுக் காய்ச்சியது விற்பனைக்கு, காகிதக் கோப்பையில். இன்னொன்று விற்பனைக்கு இல்லை. ஏலக்காய் மட்டும் தட்டிப்போட்ட கசப்புக் காபி, மூக்கு நீண்ட பித்தளைக் கூஜாவில் காலையிலிருந்து கனலோரமாகவே இருக்கும். அதைக் காதில்லாத சின்னப் பீங்கான் கிண்ணியில் ஊற்றி விருந்தாளிக்குக் கொடுப்பார். யார் விருந்தாளி என்று முடிவு செய்வது அவர். முகம் வாடி வருகிறவர்களுக்கு நிச்சயம் கிடைக்கும்.

தூதரகத்து டிரைவர்கள் எல்லாரும் உள்ளூர் ஆட்கள், எல்லாருக்கும் இங்கேதான் காபி. அதனால் அபூ மிஜ்வல் எந்த நாட்டையும் அதன் பெயரால் கூப்பிடுவதில்லை. தூதர் என்ன காபி குடிக்கிறாரோ அதுதான் நாடு. சீனியில்லா நாடு, ரெட்டைச் சீனி நாடு, பாலூத்தி நாடு, ஏலக்காய் நாடு. எழுதினால் அப்படியே எழுத வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன மார்ச் மாதம் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். பாலூத்தி நாட்டு வாசலிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது, கையில் நீலக் கோப்பு. கடைக்கு எதிரே வந்ததும் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அபூ மிஜ்வல் ஒன்றும் கேட்கவில்லை. கசப்புக் காபியைக் கிண்ணியில் ஊற்றி நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள், எதிரே இருந்த முக்காலியில் வைத்தாள், கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் கேட்டுப் போகிறவர்கள், கொலைப்பழிக்குச் சமாதானம் பேசப் போகிறவர்கள், அந்த வீட்டுக் காபியை வாங்கி அப்படித்தான் கீழே வைப்பார்கள். "குடியுங்கள், கேட்டது கிடைத்தது" என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். சொல்லிவிட்டாரென்றால் பிறகு பேச்சு மாறக்கூடாது.

கடையில் அப்போது இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். ஏலக்காய் நாட்டின் வண்டி ஓட்டும் கிழவர் ஹாஜி ஸுவைலம் ஒருவர். சீனியில்லா நாட்டின் வண்டி ஓட்டும் உபைதா இன்னொருவன், முப்பது வயது, வாய் சும்மா இருக்காது.

"கிண்ணியக் கீழ வச்சிருச்சு பாத்தீங்களா," என்றார் ஹாஜி மெதுவாக.

"பாத்தேன்."

"என்ன வேணும்னு கேளுங்களேன்."

"கேட்டுப் பாத்துட்டு அப்புறம் தர்றதுக்கு இது என்ன மளிகைக் கடையா ஹாஜி?"

காபியில் ஆவி அடங்கிவிட்டது. அபூ மிஜ்வல் அவள் எதிரே போய் நின்றார். பத்து நாட்டு ஆட்களுக்குக் காபி ஊற்றிக் கற்ற ஆங்கிலத்தில் சொன்னார்: "குடி தங்கச்சி. நீ கேட்டது கிடைச்சாச்சு."

அவளுக்குக் 'குடி' மட்டும்தான் புரிந்திருக்க வேண்டும். மரியாதைக்கு ஒரு வாய் குடித்தாள்.

"இப்பச் சொல்லு, என்ன வேணும்?"

அவள் கோப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஒரு நாடு," என்றாள்.

"பார்சலா, இங்கயே சாப்பிடறீங்களா?" என்றான் உபைதா அரபியில். சொல்லிவிட்டு அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தவன், சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "மாமா, இவங்க படம் எங்க காவல் அறையில ஒட்டியிருக்கு."

அவள் பெயர் வேரா. உபைதாவுக்குச் சம்பளம் தருகிற அதே சீனியில்லா நாட்டின் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். அங்கே ஒரு பெரிய நகரத்துக் குடிநீரில் ஈயம் கலந்திருந்தது. நாலு வருஷமாக அரசாங்கத்துக்கு அது தெரியும், அறிக்கைகளைப் பூட்டி வைத்திருந்தது. வேரா அவற்றை நகலெடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒற்றைப் பையோடு விமானம் ஏறினாள். வேறெங்கோ போகிற வழியில் அம்மானில் இறங்கியபோது அவள் பாஸ்போர்ட் செல்லாததாகிவிட்டிருந்தது. இங்கே தங்க இருபது நாள் அனுமதி கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்பது நாள் போய்விட்டது. மீதிப் பதினொரு நாளுக்குள் ஏதாவது ஒரு நாடு 'வா' என்று சொல்லாவிட்டால் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே முப்பது வருஷம் சிறை காத்திருந்தது.

அன்று வீட்டில் உம்மு மிஜ்வல் கணவருக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாடியில ஒரு ரூம் எழுப்ப அனுமதி வாங்கறதுக்கே உங்களுக்கு ஏழு வருஷம் ஆச்சு. பதினோரு நாள்ல நாடு வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"சொல்லியாச்சு."

"சொல்லியாச்சுல்ல, அப்ப சாப்பிடுங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாவது கட்டித் தர்றேன். மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"தூங்கி ரெண்டு வாரம் ஆன மூஞ்சி."

வேரா ஜபல் வெய்ப்தேயில் ஒரு தேவாலய விடுதியில் தங்கியிருந்தாள். தினமும் காலையில் இறக்கத்துக்கு வருவாள், ஒவ்வொரு வாசலாக மனு கொடுப்பாள், நடுவில் கடைக்கு வருவாள். உம்மு மிஜ்வல் கட்டிக்கொடுத்த முட்டையும் எள்ளு ரொட்டியும் அங்கே இருக்கும். உலகம் அவளைப் பற்றி என்ன சொல்கிறது என்பது டிவியில் வருவதற்கு முன்பே அபூ மிஜ்வலுக்கு வந்து சேர்ந்துவிடும்.

"எங்காளு அறிக்கை எழுதறாரு," என்றான் ரெட்டைச் சீனி நாட்டு டிரைவர். "'ஆழ்ந்த அக்கறையோட கவனிச்சு வர்றோம்'னு போட்டாரு. அப்புறம் 'ஆழ்ந்த'வ அடிச்சுட்டாரு. மத்தியானம் மேலிடத்துலருந்து ஃபோன் வந்துச்சு, 'அக்கறை'யும் போயிருச்சு."

"மிச்சம் என்ன?"

"'கவனிச்சு வர்றோம்.'"

பாலூத்தி நாட்டு நாடாளுமன்றத்தில் எல்லாரும் எழுந்து நின்று அவளுக்குக் கை தட்டினார்கள். ஆனால் மனுவை அவர்கள் மண்ணில் வந்து நின்று கொடுத்தால்தான் வாங்குவார்களாம். அந்த மண்ணுக்குப் போக விசா வேண்டும், விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். இன்னொரு நாடு அவள் பெயரை ஒரு தெருவுக்கு வைக்கப் போவதாகச் சொன்னது. "தெருவுல பேரு இருக்கும், ஆளு இருக்க எடமில்லையா?" என்று உபைதா கேட்டான். இன்னொரு நாட்டில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. ஐந்து நாளாகச் செய்யவில்லை. சீனியில்லா நாடு அவளைத் திருடி என்றது. அவளுக்கு இடம் கொடுக்கிற நாட்டோடு வியாபாரம் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னது.

கிண்ணியைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்பதை வேராவுக்குச் சொன்னது உபைதாதான். மறுநாள் அவள் வேகமாக வந்தாள்.

"எனக்கு வயிற்றுப் புண். காபி ஆகாது. அதனாலதான் குடிக்கல. நான் எதுவும் கேக்கல. நீங்க எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அபூ மிஜ்வல் அடுப்பைக் கொஞ்சம் தணித்தார். "நீ தெரியாமத்தான் வச்சே, தங்கச்சி. நான் தெரிஞ்சுதானே சொன்னேன்."

அன்றிலிருந்து அவளுக்குக் காபி இல்லை. மரமிய்யா இலை போட்ட டீ, வயிற்றுக்கு நல்லது.

அனுமதி முடிய ஆறு நாள் இருந்தபோது அபூ மிஜ்வல் ஹாஜியிடம் சொன்னார், "நாம போய்க் கேப்போம்."

"யாரை?"

"உங்க தூதரை."

ஏலக்காய் நாடு ஒரு மீன்பிடித் தீவு. மொத்தம் நாலு லட்சம் பேர். அதன் தூதர் ஒல்லியான, வயதான மனிதர். கடைக்கு நடந்தே வந்து காபி குடிக்கிற ஒரே தூதர் அவர்தான். நாலு வருஷம் முன்பு ஹாஜியின் மகனுக்குப் பெண் கேட்கப் போன கூட்டத்தில் அவரும் இருந்தார். கொடுத்த காபியை, பெண் வீட்டார் பதில் சொல்வதற்குள் மடமடவென்று குடித்துவிட, ஊரெல்லாம் சிரித்துத் தீர்த்தது. அதனால் கீழே வைத்த கிண்ணியின் கனம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை மாலை பதினொரு பேர் போனார்கள். டிரைவர்கள், ஒரு தோட்டக்காரர், இரண்டு வாசல் காவலர்கள். இஸ்திரி போட்ட சிவப்புக் கட்டம் தலைத்துணி, கல்யாணக் கோட்டு. ஹாஜி அந்தத் தூதரிடமே சம்பளம் வாங்குகிறவர் என்பதால் பேச வேண்டியவர் அபூ மிஜ்வல்.

புறப்படும்போது உபைதாவும் வந்து நின்றான்.

"நீ எதுக்குடா? உன் நாட்டுக்கு எதிராத்தான் கேக்கப் போறோம். உன் வேலை போயிரும்."

"எனக்கு நாடு ஜோர்டான் மாமா. அங்க வண்டிதான் ஓட்டறேன்."

தூதர் வீட்டில் காபி வந்தது. பதினொரு பேரும் வாங்கினார்கள், பதினொரு கிண்ணியும் மேசை மேல் இறங்கின. அபூ மிஜ்வல் எழுந்து நின்று சொன்னது கொஞ்சம்தான். "ஒரு பொண்ணு எங்க கடையில கிண்ணியக் கீழ வச்சா. நான் 'குடி'ன்னு சொல்லிட்டேன். என்கிட்ட நாடு இல்ல. உங்ககிட்ட ஒண்ணு இருக்கு."

தூதர் ஒவ்வொரு கிண்ணியாகப் பார்த்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். "எங்க மீனுல பாதிய வாங்கறது அவங்கதான். தலைநகரம் சொல்லாம நான் 'குடிங்க'ன்னு சொல்ல முடியாது. பொய்யாச் சொல்லவும் மாட்டேன்."

"பொய்யாச் சொல்ல வேணாம்," என்றார் அபூ மிஜ்வல். பதினொரு பேரும் எழுந்தார்கள். கிண்ணிகள் அப்படியே இருந்தன. ஒரு வீட்டுக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு இந்த ஊரில் கிடையாது. தூதர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த மூன்று நாளும் ஹாஜி வந்து சொன்னார். மேசையை யாரும் தொடக்கூடாது என்று தூதர் உத்தரவு போட்டுவிட்டாராம். பதினொரு கிண்ணிக்கு நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொண்டு அங்கேதான் சாப்பிடுகிறாராம், அங்கேயே உட்கார்ந்துதான் தலைநகரத்துக்கு எழுதுகிறாராம். வெள்ளி, சனி, ஞாயிறு, நாளுக்கு ஒரு கடிதம். காபி மேல் ஆடை படிந்துவிட்டதாம்.

திங்கட்கிழமை காலை உபைதாவுக்கு வேலை போயிற்று. அன்றைக்குக் கூட்டத்தில் அவன் நின்றதை யாரோ படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தான். வேரா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அழாதீங்கக்கா, அந்த வண்டில ஏசியே வேலை செய்யாது," என்றான்.

செவ்வாய் கடைசி நாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் பையோடு குடியேற்ற அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். அன்று அவள் எந்த வாசலுக்கும் போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தாள். அபூ மிஜ்வல் துடைத்த அடுப்பையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். வார்த்தை கொடுத்துவிட்டு நிறைவேற்ற முடியாமல் போகிற மனிதராக அவர் அதுவரை வாழ்ந்ததில்லை.

மாலை நாலு மணிக்கு ஹாஜியின் வண்டி வந்து நின்றது. பின்னாலிருந்து தூதர் இறங்கினார். கையில் ஒரு தட்டு, தட்டில் காய்ந்துபோன கறையோடு பதினொரு கிண்ணி. இறக்கத்தில் தடுக்கிவிடாமல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்து, தட்டை முக்காலியில் வைத்தார்.

"இதைக் கழுவிட்டுப் புதுசா ஊத்துங்க அபூ மிஜ்வல்," என்றார் தன் உடைந்த அரபியில். "ஊத்திட்டு, குடிங்க. கேட்டது கிடைச்சாச்சு."

உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் அபூ மிஜ்வலால் வெளியே வர முடிந்தது. கிண்ணிகளைக் கழுவினார், ஊற்றினார். பக்கத்து வாசல்களிலிருந்த காவலர்கள், டிரைவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். வேரா மரமிய்யா டீயைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கும் காபி," என்றாள்.

"வயிறு?"

"இன்னைக்கு மட்டும்."

கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான்.

அவள் இப்போது அந்தத் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறாள். தீவின் மீனை வாங்குவதைச் சீனியில்லா நாடு குறைத்துவிட்டது, தீவுக்காரர்கள் வேறு சந்தை தேடிக்கொண்டிருக்கிறார்கள். தூதர் நடந்தே வந்து காபி குடிப்பது நிற்கவில்லை. கடையில் இப்போது தட்டை ஆட்டி வண்டி மறிக்க ஒரு ஆள் இருக்கிறான், உபைதாதான். நாம் கேள்விப்பட்ட நாடுகளுக்கெல்லாம் அவனிடம் ஒவ்வொரு நக்கல் பெயர் உண்டு.

இதைப் படிக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்த அம்மான்காரர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். இந்தப் பக்கம் வந்தால் ஐந்தாவது வட்டத்தில் இறங்கி, ஆட்டுகிற தட்டைப் பார்த்து நடந்து போங்கள். முகம் வாடியிருந்தால் கசப்புக் காபி கிடைக்கும். கிடைத்தால் கையில் வாங்கியதுமே குடித்துவிடுங்கள். கீழே வைத்தீர்களென்றால் அவர் எதிரே வந்து நின்றுவிடுவார். அப்புறம் என்ன வேண்டுமென்று நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும்.