ரோலர் கோஸ்டரின் முன் சீட்டு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பி ஆலைக்குப் பழைய இரும்பு வராத நாளே இல்லை. கப்பல் தகடு, பஸ் கூடு, தையல் மிஷின், எது வந்தாலும் எடைமேடையில் ஏறி, உலையில் உருகி, வீடு கட்டும் கம்பியாகிவிடும். தரப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. அன்றைக்கு வாசலில் நின்ற டிரெய்லரைப் பார்த்ததும் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. மேலே இருந்தது எங்கள் ரோலர் கோஸ்டர்.

எங்கள் என்றுதான் சொல்வேன். அம்மாவின் கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை தொழிலாளர் குடும்பங்களைப் பஸ் வைத்து அது ஓடிய கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும். அந்த ஓட்டத்துக்காகவே நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தேன் என்றாலும் பொய்யில்லை. அதன் கதையைத் தேடித்தேடிச் சேர்த்திருந்தேன். வெளிநாட்டில் ஓடி முடித்து, கப்பலேறி இங்கே வந்தது. முதலில் பச்சை, பிறகு சிவப்பு, கடைசியில் மஞ்சள். வெட்டிய தண்டவாளத்தின் ஓரத்தில் மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. உதிரி பாகம் கிடைக்காமல் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

டிரைவர் கேபினுக்குப் பின்னால், கயிறு கட்டிய முன்பெட்டி சீட்டோடு அப்படியே இருந்தது. எடை போட்டதும் யார்டில் பெட்டியின் ஃபைபர் கூட்டைப் பிரித்துவிட்டு இரும்பை உலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் அம்மா அதில் உட்கார வேண்டும்.

அம்மா ஏறியதே இல்லை. ஒவ்வொரு வருடமும் எல்லோருடைய பையும் செருப்பும் அவள் காவலில் இருக்கும். ஒரே ஒரு தடவை என்னோடு வரிசையில் நின்றாள். கம்பிக் கதவு வரை வந்துவிட்டோம். சூப்பர்வைசரின் மனைவி, "அக்கா, கொஞ்சம் புடிங்க, தோ வந்துர்றேன்" என்று கைக்குழந்தையை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த வருடம் கோஸ்டர் ஓடவில்லை.

போன் போட்டேன்.

"இன்னாடி, சோறு துன்ற நேரத்துல?"

"கோஸ்டர் எங்க கம்பெனிக்கு வந்துகீதும்மா. உருக்கப் போறாங்க. முன் சீட்டு காலியா கீது, வா."

"உருக்கற சாமான்ல என்னிய குந்த சொல்றியா? பேஜாரு பண்ணாத."

வைத்துவிட்டாள். ஆனாலும் அவளை மேலே ஏற்றிக்கொள்ளச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சினேன், செக்யூரிட்டியிடம் ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்தேன். எங்கள் வண்டியின் முறை வந்த நேரம், பக்கத்துத் தெருக் கம்பெனியிலிருந்து நீலக் கோட்டோடு அம்மா வேகவேகமாக வந்தாள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றவள், நான் கை கொடுக்குமுன் டயரில் கால் வைத்து ஏறிவிட்டாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். வண்டி எடைமேடையில் ஏறியது.

எடை போடுபவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "யாரும்மா மேல? எறங்கு. உன்னியும் இரும்புல சேத்துட்டா நாளைக்கி கம்பியாத்தான் வெளிய வருவ."

அம்மா எழுந்தாள். மறுபடியும் போச்சு, இவளாவது திரும்ப ஏறுவதாவது என்று நினைத்தேன். இருவரும் கீழே இறங்கியதும் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எறங்கிட்டேன் நைனா. நீ சட்டுனு எட போடு. என் சீட்ல எவனாவது குந்துனான், அவன நானே உலையில போட்ருவேன்."

எடை போட்டு முடிந்ததும் முதல் ஆளாக ஏறினாள். வண்டி யார்டை நோக்கிக் கிளம்பியது. மழைக்குப் பெயர்ந்த ரோடு. முதல் பள்ளத்தில் பெட்டி தூக்கிப் போட்டது. அம்மா கத்தினாள். பயத்தில் இல்லை. அடுத்த பள்ளம் வருவதற்கு முன்பே கத்தினாள்.

யார்டில் ஃபைபர் பிரிக்கும் ஆள் சுத்தியலோடு நின்றார். "எறங்கும்மா, வேல கீது."

அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் குனிந்து கேபினைத் தட்டினாள். "தம்பி, அந்த இரும்புக் குவியல சுத்தி வண்டி போவுமா?"

எளாவூர்க்கார டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார். "லாரி தானக்கா. எங்க வேணா போவும்."

"அப்போ போ. இந்த தபா கொஞ்சம் வேகமா."

நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அம்மா இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.