நிறுத்தாமல் பேசச் சொன்னேன்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமைதோறும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஆங்கில டியூஷன் நடத்திவந்தேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் வாய்மொழித் தேர்வுக்கு என்னிடம் ஒரே மருந்துதான் இருந்தது: வாயைத் திறந்தால் மூடக்கூடாது. யாராவது திணறினால் ஸ்கேலால் மேசையைத் தட்டுவேன். வேண்டுமென்றே இருமுவேன், கையை ஆட்டுவேன், குறுக்கே கேள்வி கேட்பேன். எதற்கும் அசையாமல் பேசிக்கொண்டே போகவேண்டும். பெற்றோர்கள் மெச்சினார்கள், எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

கிள்ளானிலிருந்து இரண்டு தோழிகள் கொமுட்டர் ரயில் பிடித்து வருவார்கள். இருவருக்கும் ஒரே கல்லூரியில் சேர ஆசை. அங்கே ஆங்கிலத்தில் வெறும் பாஸ் போதாது, அதற்கு மேலான கிரெடிட் கேட்டார்கள். ஒருத்தி பேசினால் முன் பெஞ்சுக்கே கேட்காது. இன்னொருத்திக்குக் குரல் உண்டு, ஆனால் யோசித்து யோசித்துத்தான் பேசுவாள். பள்ளியில் தேர்வுக்கு இவர்களையே ஜோடியாகப் போட்டிருந்தார்கள்.

ஒருநாள் பயிற்சியில் யோசிப்பவள் பாதியில் நின்றுவிட்டாள். மெல்லிய குரல்காரி தன் பேச்சை நிறுத்தி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவளுக்கு வாய் இல்லையா? ஒன்னோட மார்க்க நீ பாரு லா!"

அதன்பிறகு மெல்லிய குரல்காரி தோழிக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டே மாதத்தில் பைப்பைத் திறந்துவிட்டதுபோல் கொட்டத் தொடங்கினாள். அவளைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினேன்.

தேர்வு முடிந்த சனிக்கிழமை அவள் மட்டும் வந்தாள்.

"நல்லா பேசினியாம்மா?"

"நிறுத்தாம பேசினேன் சார்."

சபாஷ் என்றேன். அவள் உட்காரவில்லை.

"கடைசி பார்ட்ல ரெண்டு பேரும் கலந்து பேசணும் சார். அவ யோசிச்சிக்கிட்டு இருந்தா, நான் பேசிக்கிட்டே போய்ட்டேன். எக்ஸாமினர் டீச்சர் கைய காட்டினாங்க. நீங்க சோதிக்கிற மாதிரின்னு நெனச்சிட்டேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நான் ஏதோ உளறினேன்.

ஆனது. முடிவு வந்தபோது இவளுக்குக் கிரெடிட் கிடைத்தது, தோழிக்குக் கிடைக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளும் இருந்தனவே, இது மட்டுமா காரணம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. அந்த மேசையைத் தட்டியது என் கைதான்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு அந்தத் தோழிக்குப் போன் செய்தேன். காஜாங்கில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவமேல வருத்தமா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். முன்ன நான் நின்னுட்டா அவ எனக்காக நிப்பா. அதான் அன்னிக்கும் அவளயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்திருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.