பெருவிரலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

கண்டிக்கு மேலே ஹந்தானை மலைக்குத் தேயிலை வந்துசேராத காலம் அது. எங்கு பார்த்தாலும் கோப்பித் தோட்டம்தான். எனக்குக் காயப்போடும் களத்தில் வேலை. பழத்தை உரித்துக் கழுவிய கொட்டையைப் பரப்பி, வெயில் இருக்கும்வரை பலகையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் குவிக்கும்போது ஒரு கொட்டையின் மேல்தோலைக் கழற்றி, பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். நகம் பதிந்தால் ஈரம் இருக்கிறது. பதியாவிட்டால் காய்ந்துவிட்டது. என் நகம் சொல்லிவிட்டால் கணக்கப்பிள்ளைகூட மறுபேச்சுப் பேசமாட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இடது மார்பில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்ததும் அதே விரல்தான். அழுத்தினேன், அமுங்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டுப் புற்று என்றார். மார்பை எடுத்தால்தான் பிழைக்க வழி என்றார். எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற என் புருஷன் வாயே திறக்கவில்லை. மூக்கில் மயக்கமருந்துத் துணியை வைத்தார்கள். விழித்தபோது ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அழுது தீர்த்தேன். ஆனால் தொல்லை அதோடு விட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கே விட்டது! புண் ஆறி வேலைக்குத் திரும்பியதும் உடம்பு என்னோடு விளையாட ஆரம்பித்தது. இல்லாத மார்பு அரிக்கும். கக்கத்தில் சுருக்கென்று இழுக்கும். கை மரத்துப்போகும். உடனே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும். திரும்ப வந்துவிட்டது, என் கதை முடிந்தது என்று தோன்றும். பலகையைப் போட்டுவிட்டு, அடுக்கிய சாக்குகளுக்குப் பின்னால் போய், சேலைக்குள் கைவிட்டுத் தழும்பை நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. போன உயிர் திரும்பி வரும். மறுபடி பலகையைத் தொட்டதும் சந்தேகம் வரும். சரியாகத்தான் அழுத்தினேனா? திரும்பவும் சாக்குக்குப் பின்னால் ஓடுவேன்.

"என்னக்கா, அங்கிட்டு புதையலு கிதையலு பொதச்சு வச்சிருக்கீங்களா?" என்றாள் என்னோடு களத்தில் கிளறுகிறவள். சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நிஜமாகவே வலித்தது. தழும்பின் ஓரத்தில் சேலை பட்டாலே உயிர் போயிற்று. புருஷனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். டாக்டர் தழும்பைப் பார்த்தார், கக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையை வாங்கிப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னார். மொழிபெயர்த்த யாழ்ப்பாணத்துச் சிப்பந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இந்த நோவு புற்று வருத்தத்தால இல்லையாம். உம்மட விரலாலதானாம்."

குனிந்து பார்த்தேன். தழும்பைச் சுற்றிப் பிறை பிறையாகக் கன்றியிருந்தது. அத்தனையும் என் நகம் செய்த வேலை. வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "சரி, அது திரும்ப வருமா வராதா? அதக் கேளுங்க" என்றேன். வரவும் கூடும், வராமலே விடவும் கூடும், தன்னால் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். மலை ஏறும் வழியெல்லாம் புருஷனை ஒரு காரணமும் இல்லாமல் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் களத்தில் நல்ல வெயில். என்னைப் பார்த்துப் பழகியதோ என்னவோ, அந்தப் புதையல்காரி உச்சி வெயிலிலேயே கொட்டை கொட்டையாக எடுத்து நகம் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடியே, சும்மா சும்மா நகத்த வச்சா கொட்டதான் காயப்படும். காய விடு! குவிக்கையில ஒரு தடவ பாத்தா போதாது?"

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

அன்றைக்கே முடிவு கட்டினேன். வெள்ளிக்கிழமை மலை ஊற்று கொட்டும் பீலியில் தலை முழுகும்போது ஒரு தடவை பார்ப்பது. மற்ற நாட்களில் கை அந்தப் பக்கம் போகக் கூடாது. புருஷனிடமும் சொல்லிவைத்தேன். ஆரம்பத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி, பலகையை இறுகப் பிடித்துக்கொள்வேன். "வெள்ளிக்கிழமை வா, பாத்துக்கலாம்" என்று பயத்திடம் வாய்விட்டே சொல்வேன். அது போய்விடாது. அது பாட்டுக்கு இருக்கும், நான் பாட்டுக்குக் கிளறுவேன். கன்றல் ஆறியது, வலியும் நின்றது. அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் குளித்து வரும்போது புருஷன் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் உட்கார்ந்து, கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். வாரம் தவறாமல் தீட்ட அந்தக் கத்தியில் என்ன இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். கத்தியை எடுத்து வைத்துவிடுவார்.

பழம் மும்முரமாக வந்த சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பீலியில் யார் முதலில் குளிப்பது என்று லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவளோடு ஒரு மூச்சு சண்டை பிடித்து, ஜெயித்து, தலை சொட்டச் சொட்ட வந்து அடுப்பை மூட்டினேன்.

"என்ன?" என்றார் வாசலிலிருந்து.

"எது என்ன?" என்றேன். அப்புறம்தான் உறைத்தது. "அய்யய்யோ, பாக்க மறந்துட்டேங்க!"

அவர் என்னையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் வாய் திறக்காத மனிதர், கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு மட்டும்தான் பயம் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"இந்தா, இப்பவே பாத்துச் சொல்லவா?" என்றேன்.

"வேணாம் புள்ள" என்றார், தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அடுத்த வெள்ளிக்கிழம பாத்துக்கலாம்."