தொண்ணூறாம் சைஸ் கதாநாயகன்

அந்தப் படங்களைப் பிளேடு போட்டு அறுத்து எடுத்தவர் நீங்கள். என் அக்கா அல்ல.

கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, ஏசி போட்டு, வாசலில் பன்னீர் தெளித்து, பழைய வாரப் பத்திரிகைப் படங்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்க்க நானும் வந்தேன். சும்மா வரவில்லை, ஆசையாக வந்தேன். எனக்கும் பழைய படம் என்றால் உயிர். ஒரே கோட்டில் மூக்கையும் உதட்டையும் இழுத்துவிட்டு, மிச்ச முகத்தை நம் தலையில் கட்டிவிடுவார்கள் அந்தக் காலத்து ஓவியர்கள். மழை என்றால் சாய்வாக நாலு கீறல்தான். பார்த்தால் நமக்குத் தும்மல் வரும். ஒரு சிவப்பு மை கூடுதலாகப் போட்டு அடித்தால் அது தீபாவளி இதழ். அந்தச் சிவப்பும் கதாநாயகியின் உதட்டில் விழாமல் கன்னத்தில் விழுந்திருக்கும். அதையும் அழகு என்றுதான் பார்த்தோம்.

உங்கள் அழைப்பிதழில், சிறுவயது முதல் நீங்கள் கண்ணும் கருத்துமாகச் சேர்த்தவை என்று போட்டிருந்தது. கண்ணும் கருத்தும் சரி. பிளேடை விட்டுவிட்டீர்கள்.

இந்தப் பகிரங்கக் கடிதத்தைப் படிப்பவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும், சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் கடைசியில் உங்கள் அப்பாவின் பனியன் கம்பெனியில் நானும் அக்காவும் வேலை செய்தோம். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைச் சின்னக் கத்திரியால் வெட்டி எடுப்பது அக்கா வேலை. பிசிறு வெட்டுவது என்போம். பனியனில் சைஸ் முத்திரை குத்துவது என் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. சோறு தின்கிற கையில் நீல மை போகவே போகாது.

எங்களோடு பிசிறு வெட்டிய ஒரு அக்காவின் வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார். அங்கே பழசாகிப் போன வாரப் பத்திரிகைகள் எங்களுக்கு வரும். முடியை உதறிவிட்டுப் படிக்க வேண்டும். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து, வாரம் மாறாமல் அடுக்கி, கம்பெனி நூலாலேயே தைத்துப் புத்தகமாக்கினாள் அக்கா. பனியன் பெட்டியின் மூடிதான் அட்டை. மூடியில் ஒரு மீசைக்காரன் புஜத்தை முறுக்கிக்கொண்டு பனியனோடு நிற்பான். உள்ளே காதல் கதை, வெளியே பயில்வான்.

சோற்று நேரத்தில் அக்கா சத்தமாகப் படிப்பாள். படம் வரும் பக்கத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். புத்தகம் கை மாறிக் கை மாறிப் போகும். கதாநாயகியின் ஜாக்கெட் கையைப் பார்த்து, அதே மாதிரி தைக்கச் சொல்லி டெய்லரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. ஒருநாள் கதாநாயகன் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு மாடிப்படியில் நிற்கிற படம் வந்தது. பனியன் கம்பெனிப் பெண்களுக்கு வேறு என்ன தோன்றும்?

"இவனுக்கு எம்பத்தஞ்சு போதுமுங்க," என்றார் சலூன் வீட்டு அக்கா.

"நெஞ்சப் பாருங்கக்கா. எம்பத்தஞ்சு போட்டா அக்குள்ல டர்ருனு போயிரும்," என்றாள் என் அக்கா.

"அட, அது படம் வரையறவரு கஞ்சி போட்டு நிமித்துனது. உள்ள ஒண்ணுமில்லீங்கோ."

சண்டை தீரவில்லை. நான் முத்திரையை எடுத்து அவன் நெஞ்சிலேயே 90 என்று குத்திவிட்டேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி வந்து கத்திவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் உங்கள் அம்மா கம்பெனிக்கு வந்தார். கோயமுத்தூர் காலேஜில் படித்துக்கொண்டிருந்த நீங்கள் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தீர்கள்.

"ஏனம்மிணி, நீயி என்னமோ கதப் பொஸ்தகம் வெச்சிருக்கறியாமா? குடு. பையனுக்குப் பொழுதே போகலீங்கறான்."

முதலாளியம்மா கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்தாள். அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றிய பிறகு புத்தகம் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வேப்பிலை. பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. படங்கள் இருந்த இடமெல்லாம் ஜன்னல் மாதிரி சதுரம் சதுரமாகத் திறந்து கிடந்தன.

அக்கா அழவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் கதை கேட்டாள் என்று படிக்க உட்கார்ந்தாள். படத்தை அறுத்தால் அதன் முதுகில் இருக்கும் கதையும் சேர்ந்து போகும் அல்லவா? ஓட்டை வந்த இடத்தில் அக்கா நிற்கவே இல்லை. காணாமல் போன வரிகளையும் சேர்த்து, மூச்சு மாறாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

சலூன் வீட்டு அக்கா கத்திரியைக் கீழே வைத்தார். "ஏம்மிணி, அங்க எழுத்தே இல்ல. எதப் பாத்துப் படிக்கற?"

"மனப்பாடமுங்கக்கா."

"எங்களுக்கெல்லாம் ஆகாத மனப்பாடம் உனக்கு மட்டும் எப்படி ஆச்சு? வெட்டி ஊட்டுல வெச்சிருக்கறியாக்கும். கத்திரியும் எந்நேரமும் கையிலதான இருக்குது."

அவ்வளவுதான், தீர்ந்தது. மனப்பாடம் செய்ததுதான் அவள் செய்த குற்றம். பிசிறு வெட்டும் கத்திரி கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், அதில் வெட்டினால் ஓரம் பல்லுப் பல்லாக வரும், இது ஸ்கேல் வைத்து அறுத்த மாதிரி இருக்கிறதே என்று நான் கத்திப் பார்த்தேன். நாள் முழுக்க அதே கத்திரியைப் பிடித்திருந்த பெண்கள் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அக்கா நேராக உங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"என்ற பையன் காலேஜுல இங்கிலீசு படிக்கறான். இந்தக் குப்பைய அவன் தொடுவானா?" என்றார் உங்கள் அம்மா. நீங்கள் உள் அறையில் இருந்தீர்கள். இருமல் சத்தம் கேட்டதாம்.

அதற்குப் பிறகு அக்கா யாருக்கும் கதை படித்ததில்லை. வேறு கம்பெனிக்குப் போனாள். கத்திரி என்ற பேர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணமாகிச் சாமளாபுரத்துக்குப் போன பிறகும் விடவில்லை. இப்போதும் விசேஷ வீடுகளில் பழைய கம்பெனிக் கிழவிகள் பார்த்துவிட்டால், "கத்திரி வந்துட்டா, கல்யாணப் பத்திரிகைய ஒளிச்சு வைங்க, முருகரை அறுத்துட்டுப் போயிருவா," என்று சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிட மாட்டாள்.

உங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். இரண்டாவது வரிசையில், மாடிப்படியில், சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான் எங்கள் ஆள். நெஞ்சில் 90. மை மங்கியிருந்தது. ஒன்பதின் வால் உடைந்திருந்தது. என் முத்திரைக் கட்டையில் அது உடைந்துதான் இருக்கும்.

விளக்கம் சொல்ல நிறுத்தியிருந்த தம்பியிடம் கேட்டேன். "ஏனுங் கண்ணு, இந்தத் தொண்ணூறு என்னதுங்க?"

"அது அந்தக் கால அச்சகத்தோட குறியீடுங்கம்மா. ரொம்ப அபூர்வம். ஐயா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சாருங்க."

ஆராய்ச்சி! பனியன் கம்பெனி முதலாளி மகனுக்குப் பனியன் சைஸ் தெரியவில்லை. அந்த அபூர்வக் குறியீட்டைப் படைத்த கலைஞர் நான்தான் ஐயா. எனக்கும் ஒரு பொன்னாடை எடுத்து வையுங்கள்.

சட்டத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார் தம்பி. நேரே சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். சொன்னதும் அக்கா கேட்டது ஒன்றுதான்: "பின்னாடி திருப்பிப் பாத்தியா?"

இல்லை என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்தின் முதுகில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் கழித்து, தடங்கல் இல்லாமல் சொன்னாள். அவளைத் திருடியாக்கிய அதே மனப்பாடம்.

அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நீங்கள் சட்டத்தைப் பிரிப்பதற்கு முன்பே எழுதி வைக்கிறேன். மாடிப்படிப் படத்தின் பின்பக்கம், கதாநாயகியின் மாமா ரயிலில் குடையை மறந்துவிட்டு இறங்குவதில் தொடங்கும். நடுவில் அவருக்கும் குதிரை வண்டிக்காரனுக்கும் வாய்த்தகராறு. கதாநாயகி கதவைத் தாழ் போடுகிற இடத்தில், பாதி வாக்கியத்தில், உங்கள் பிளேடு நின்றிருக்கும்.

கண்காட்சி முடிவதற்குள் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டுங்கள். பழைய கம்பெனிக் கிழவிகளை நான் கூட்டி வருகிறேன். அக்கா முன்வரிசையில் உட்காருவாள். சட்டத்தைப் பிரித்து, படத்தைத் திருப்பி, மைக்கில் நீங்களே சத்தமாகப் படியுங்கள். மாமாவும் குடையும் அங்கே இல்லை என்றால் அத்தனை பேர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். இருந்தால், அதே மைக்கில் சொல்லுங்கள்: வெட்டியது யார்?